ஆயிரம் மீட்டர் வெளிச்சம்

மகன் வாங்கித் தந்த டார்ச்சின் அட்டைப்பெட்டி மேசைமேல் கிடக்கிறது. இரண்டாயிரம் மீட்டர் பாயுமாம். எழுத்தெல்லாம் தங்கநிறம். பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். மினுங்கல் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் ஆசிரியையாக இருந்தபோது அடிவாரத்து ஒடுகத்தூரில் ஒரு டார்ச் வாங்கினேன். ஆயிரம் மீட்டர் என்றது அதன் பெட்டி. ஊர் நர்ஸம்மா சிரித்தார். "இன்னா டீச்சர், பொட்டியையா புடிச்சிக்கினு நடக்கப் போறீங்க?" அவருக்கென்று ஒரு சோதனை உண்டு. புது டார்ச்சை டீ குடித்து முடிக்கும்வரை எரியவிடுவார். முதல் வெளிச்சம் கடைக்காரன் காட்டி விற்பதற்கு என்பார். பிறகு என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு தடுப்பூசி அட்டையோடு அந்த வெளிச்சத்துக்குள் நடந்து போவார். அட்டையில் உள்ள பெயரைப் படிக்க முடிகிற இடம்வரைதான் டார்ச். அதற்கப்பால் வெறும் பெட்டி.

அன்று மழைக்கால அந்தி. பிரசவ வலியோடு ஒருத்தி டோலியில் கிடந்தாள். ஜீப் நின்றது ஓடைக்கு அக்கரையில். கற்கள்மேல் கால்வைத்துக் கடந்தால் கால்மணி நேரம், மேட்டுப்பாதையில் ஓடையைச் சுற்றிப் போனால் ஒன்றரை மணி. கல் கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஓடைவழி. நான் டார்ச்சைப் பிடிக்க, நர்ஸம்மா அட்டையோடு இறங்கினார். பனி அவரை மூடிக்கொண்டது. "தெரியுதாங்க?" என்று கத்தினேன்.

"தெரியுது டீச்சர், நல்லா தெரியுது. தூக்கிக்கினு வாங்க."

ஓடைப்பக்கமிருந்து, அவர் குரலேதான். ஆட்கள் டோலி மூங்கிலைத் தோளில் ஏற்றினார்கள். அப்போது என் முழங்கையை ஓர் ஈரக்கை தொட்டது. நர்ஸம்மா! "அறுபது அடியிலயே பேரு தெரில. அப்பவே திரும்பிட்டேன். இன்னாத்துக்குத் தூக்கறாங்க?"

"நீங்கதானே வரச் சொன்னீங்க?"

அவர் பனியைப் பார்த்தார். யாரென்று கேட்கவில்லை. அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் படிக்கலயே. மேட்டுல போங்க" என்றார்.

வழி நெடுக அந்தப் பெண்ணின் முனகல். வழியெல்லாம் எனக்குக் குற்ற உணர்வு, தாமதமாகிவிடுமோ என்று. ஜீப்பிலேயே குழந்தை பிறந்தது, தாயும் பிழைத்தாள். விடிந்து போய்ப் பார்த்தால் ஓடையில் கடக்கும் கல் ஒன்றுகூட இல்லை. வெள்ளம் எப்போது வந்தது, எப்போது வடிந்தது, யாருக்கும் தெரியவில்லை.

நர்ஸம்மா காலமாகி வருடங்களாயிற்று. சற்றுமுன் புதூர்நாட்டில் என் வீட்டு வாசலில் பனி இறங்கியபோது, புது டார்ச்சை டீ தீரும்வரை எரியவிட்டேன். அட்டையோடு நடந்து போக ஆளில்லை. பழக்கதோஷம், வெளிச்சத்தைப் பனிக்குள் நீட்டி, "தெரியுதாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. பதில் வருவதற்குள் அணைத்துவிட்டு, டார்ச்சைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.