மகள் வகுப்பில் இல்லை என்றார்கள்

எத்தியோப்பியாவில் ஒரு சின்ன ஊர். அங்கே நூற்பாலையில் என் கணவர் மெக்கானிக். ஆங்கிலப் பள்ளிக்குத் தலைநகரம்தான் போக வேண்டும். பக்கத்துப் பள்ளியில் அந்த நாட்டு மொழியில்தான் பாடம். அதனால் மகளுக்கும் மகனுக்கும் நானே டீச்சர் ஆனேன். ஊருக்கு வந்தபோது ஆரணியில் வாங்கிப் போன புத்தகங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். ஆங்கிலம் எழுத வரும், பேசப் பயம். 'வெஜிடேபிள்' என்று 'டேபிள்' என்பதை அழுத்தியே பல மாதம் சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் யூடியூபில் ஒரு பெண் 'வெஜ்டபுள்' என்றபோதுதான் என் தப்பு தெரிந்தது. இப்படி இன்னும் எத்தனை சொற்களைத் தப்பாகப் பிள்ளைகள் வாயில் போட்டிருக்கிறேனோ! 'மே ஐ கம் இன்' பழக்குவதற்குச் சமையலறை வாசலில் நிற்கவைப்பேன். அடுப்பைப் பார்த்தபடியே "எஸ், கம் இன்" என்பேன். வகுப்பறை என்றால் அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

மகளுக்கு ஐந்தாம் வகுப்புப் பாடம் வந்தபோது என்னால் முடியவில்லை. கணவரை அங்கேயே விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு ஆரணி பக்கத்தில் சேவூருக்கு, நாத்தனார் வீட்டு மாடிக்கு வந்தேன்.

பள்ளியில் தலைமையாசிரியை, "இதுவரைக்கும் எந்த ஸ்கூல்?" என்று கேட்டார்.

"வீட்லதாங்க மேடம்."

"கிளாஸ்ல உக்காந்ததே இல்லையா?"

நான் தலையாட்டினேன். மகளைப் படிக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். ஒருவழியாக மகளை ஐந்தாம் வகுப்பிலும் மகனை யூ.கே.ஜி.யிலும் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் வாரமே பள்ளியிலிருந்து போன். "உங்க பொண்ணு கிளாஸ்ல இல்லைங்க. வீட்டுக்கு வந்துட்டாளா?"

கீழே ஓடினேன். தறியில் உட்கார்ந்திருந்த நாத்தனார் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"இன்னாச்சி அண்ணி?"

"பாப்பாவக் காணோமாம்."

"அழுதுகினு நிக்காதீங்க. ஜல்தி வண்டில ஏறுங்க."

வழியெல்லாம் ஒவ்வொரு சீருடையையும் உற்றுப் பார்த்தேன். தெருவில் தனியாக நடந்தே அறியாத பெண். ஆலைக் குடியிருப்பின் கேட்டைத் தாண்டினால் எப்போதும் என் கை பிடித்திருப்பாள். டவுன் பஸ் ஒன்று எங்களை உரசுவதுபோல் போனபோது கண்ணை மூடிக்கொண்டேன். "பேஜார் ஆவாதீங்க அண்ணி, எங்கியும் போயிருக்காது" என்று நாத்தனார் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் குரலும் சரியாக இல்லை.

பள்ளியில் கழிப்பறை, மைதானம், மாடிப்படி எல்லாம் தேடியிருந்தார்கள். மகனையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று யூ.கே.ஜி. பக்கம் ஓடினேன். அந்தக் குட்டி பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, தம்பியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள் என் மகள். அவன் விரலைப் பிடித்து எழுத்துக்கூட்ட வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வகுப்பு மிஸ் சின்னப் பெண். "ஹெல்ப் பண்ணச் சொல்லி ஆபீஸ்ல அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேங்க" என்று திணறினாள்.

"ஏம்மா இங்க வந்த?"

"என் பாடம் முடிஞ்சிடுச்சும்மா. அடுத்து தம்பிக்குத்தானே?"

வீட்டில் அப்படித்தான் நடந்தது. அவள் முடித்ததும் தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பாள், நான் உலை வைப்பேன். அடுத்த மணி அடிக்கும்வரை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதை நான் சொல்லித் தரவே இல்லை.

தலைமையாசிரியை திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "இன்டர்வெல்ல மட்டும் போய்ப் பாத்துட்டு வா" என்றார் மகளிடம்.

பத்துப் பதினைந்து நாள்கூடப் போகவில்லை. மகனுக்குச் சிநேகிதர்கள் கிடைத்துவிட்டார்கள். "நீ வராதக்கா, எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று சொல்லியிருக்கிறான். அன்று மகள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, "லீவு போடட்டுமாம்மா?" என்றாள். போடு என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு தலைபின்னி அனுப்பினேன். அன்று மாலை வரை எந்த வேலையும் ஓடவில்லை.

மெல்ல மெல்ல லீவு கேட்பது நின்றது. இப்போது வாசலில் ஒரு தோழியோடு ஏதோ பேசிச் சிரித்துவிட்டு உள்ளே வருகிறாள். "என்னடி சிரிப்பு?" என்றால், "ஒண்ணுமில்லம்மா" என்கிறாள். முன்பெல்லாம் அவள் படித்த ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். அந்த 'ஒண்ணுமில்ல'வில் என்ன இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரிவதில்லை.