டேப் மேடம் தன் அக்காவைக் கரையிறக்கிய நாள்

"ஒரே ஒரு படிதான் மேடம், அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனையில்ல" என்று யாராவது போனில் சொல்லிவிட்டால் போதும், டேப் மேடத்துக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வரும். முப்பத்தோரு வருஷ வேலையில் அவர் கேட்டதிலேயே பெரிய பொய் அதுதான். நேரில் போய்ப் பார்த்தால் அந்த ஒரு படிக்குப் பின்னால் இன்னும் நாலு படி நிற்கும். சொன்னவர்மேல் தப்பில்லை, பாவம். நடக்கிறவர்கள் கண்ணுக்குப் படி தெரியாது. கால் பாட்டுக்கு ஏறிவிடும்.

அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். உல்லாசக் கப்பல் துறைமுகத்தில் நின்றதும் பயணிகள் ஊர் சுற்ற இறங்குவார்கள் இல்லையா, அதில் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு எங்கே போவது, எப்படிப் போவது, எப்போது திரும்புவது என்று திட்டம் போட்டுக் கொடுப்பது. கேட்க லேசாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால் தெரியும் சங்கதி. கப்பலிலிருந்து இறங்கும் பாலம் கடல் ஏறினால் செங்குத்தாக நிற்கும், வடிந்தால் தாழும். அதனால் அவர் திட்டம் தொடங்குவது பயணிகளின் சாப்பாட்டு நேரத்திலிருந்து அல்ல, சுவரில் ஒட்டியிருக்கும் கடல் ஏற்ற இறக்க அட்டவணையிலிருந்து. வேனின் லிஃப்டில் ஒரு நாற்காலியை ஏற்றிப் பட்டை போட்டு இறுக்க ஆறு நிமிடம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி சரிவுப்பலகை. எந்த இடமானாலும் முதலில் கழிவறை. அதற்குள் நாற்காலி திரும்பாவிட்டால் அந்த இடத்தில் எப்பேர்ப்பட்ட அரண்மனை இருந்தாலும் பட்டியலில் சேராது. கைப்பையில் எந்நேரமும் ஒரு இஞ்ச் டேப் கிடக்கும். டிரைவர்கள் வைத்த பேர்தான் டேப் மேடம்.

முன்பு அதே அலுவலகத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்தார். ஒரு நாள் சாயங்காலம், 'சுலபமான சுற்றுலா' என்று நம்பிப் போன ஒரு பயணியைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். போன இடத்தில் எல்லாம் படி. மனுஷர் நாள் முழுக்க பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார். எப்படி இருந்தது என்று யாரோ மரியாதைக்குக் கேட்டதற்கு, "ஏழு கார் நிறுத்தும் இடம் பார்த்தேன், அதில் மூன்றாவது ரொம்ப அழகு" என்றார். கவுன்ட்டரில் எல்லாரும் சிரித்தார்கள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. அது அப்படியே அவருடைய அக்காவின் பேச்சு; அவளும் கஷ்டத்தை இப்படித்தான் வேடிக்கையாகச் சொல்வாள். மறுநாளே, சக்கர நாற்காலிப் பயணிகளுக்கு நானே திட்டம் போடுகிறேன் என்று மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

"செய்யணும்னா செய்ங்க. ஆபீஸ் வேலை கெடக்கூடாது" என்றார் மேனேஜர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

ஆஹா, அந்த முதல் வருஷங்கள்! இன்றைக்கும் டேப் மேடம் அதை நினைத்தால் முகம் மலர்ந்துவிடும். ஆஸ்பத்திரிச் சாமான் கடையில் ஒரு பழைய நாற்காலியை இரவல் வாங்கி, வேன் டிரைவரை அதில் உட்காரவைத்து, தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு போவார். டிரைவர் நல்ல கனத்த சரீரம். "இவர் போற இடத்துல யாரும் போகலாம்" என்பது மேடத்தின் கணக்கு. பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஒரு நாள் காபிக் கடை வாசலில் ஒரு அம்மாள், "இந்த வயசுல இப்படி ஆயிடுச்சே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் எழுந்து நடந்துபோய், "ரெண்டு காபி, ஒண்ணுல சர்க்கரை வேண்டாம்" என்றார். அந்த அம்மாள் போட்ட அலறலில் கடையே திரும்பிப் பார்த்தது. "மேடம், இனிமே நான் உட்கார மாட்டேன், நீங்க உட்காருங்க, நான் தள்றேன்" என்று அவர் அடம்பிடிக்க, அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டார்கள். முட்டுச்சந்து, வழுக்கும் கல், வாயிற்படி என்று ஒன்று விடாமல் இருவரும் ஊரை இடுப்புயரத்திலிருந்து பார்த்தார்கள்.

இத்தனையும் யாருக்காக என்று டிரைவருக்குத் தெரியும். வேறு யாரிடமும் மேடம் சொன்னதில்லை.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே கால் போய்விட்டது. வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அப்பா அவளை முதுகில் சுமந்துகொண்டு இறங்குவதெல்லாம் டாக்டரிடம் போகத்தான். டாக்டர் இருந்தது தெருவின் இடதுகோடியில். போனவுடன் திரும்பி வந்துவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் அக்கா ஜன்னலோரம். தங்கையின் புத்தகங்களையே படித்து, தங்கைக்கே பாடம் சொல்லிக்கொடுத்து, தபாலில் பரீட்சை எழுதித் தேறினாள். இருபத்து நாலு வயதில் வேறொரு நாட்டில் வேலை கிடைத்தது. லிஃப்ட் உள்ள கட்டடம். போனவள் போனவள்தான். மேடம்தான் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு தடவை வாயேன்க்கா."

"வந்து? உன் வீட்டு பாத்ரூம் கதவு எத்தனை இஞ்ச்னு சொல்லு பாப்போம்."

இருபத்திரண்டு இஞ்ச், நாற்காலி நுழையாது. ஊருக்கெல்லாம் அளக்கிறவருக்குத் தன் வாடகை வீட்டுக் கதவை இடிக்க முடியவில்லை.

முப்பத்தெட்டு வருஷம் இப்படியே ஓடியது. போன கோடையில் அக்கா போன் செய்தாள். "குட்டி, ஒரு கப்பல்ல டிக்கெட் எடுத்திருக்கேன். உங்க ஊர்ல ஒரு நாள் நிக்குமாம். கப்பல்னா நல்லது பாரு, என் ரூமும் பாத்ரூமும் என்கூடவே வந்துடும்!"

மேடத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கரையில் கிடைப்பது ஆறு மணி நேரம். அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. இன்னொரு தடவை வருவாளோ மாட்டாளோ. இந்த ஆறு மணி நேரத்தில் அவளை அந்தப் பழைய வீட்டுக்குள் கொண்டுபோய் அவளுடைய ஜன்னலோரம் உட்கார வைக்காவிட்டால், இத்தனை வருஷம் நான் என்னத்தைக் கிழித்தேன் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த வீட்டில் இப்போது ஒரு கணக்கு வாத்தியார் குடியிருந்தார். முதல் தடவை கதவைத் திறக்கவே யோசித்தார். மூன்றாவது தடவை போனபோது அவரே பேனாவை எடுத்து மாடிப்படித் திருப்பத்தின் அளவைப் போட்டுக் கொடுத்தார். ஜன்னலை மறைத்து நின்ற அலமாரியை நகர்த்தவும் சம்மதித்தார். ஆம்புலன்ஸ் கம்பெனியிலிருந்து படியேற்றும் மடிப்பு நாற்காலி ஒன்றும் தூக்க இரண்டு ஆட்களும் ஏற்பாடாயிற்று. டிரைவரை அதில் உட்காரவைத்து ஐம்பத்தாறு படியும் ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். அந்த இரண்டு பேரும் அன்றைக்கு விட்ட மூச்சை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

கப்பல் வந்தது. கடல் வடிந்திருந்த நேரம், பாலம் பலகைபோலக் கிடந்தது. மோட்டார் நாற்காலியில் அக்கா தானே ஓட்டிக்கொண்டு இறங்கினாள். முடி முழுக்க வெள்ளை. தங்கையைக் கட்டிக்கொண்டு, "என்னடி இவ்வளவு குண்டாயிட்டே" என்றாள். இருவரும் அழுது சிரித்து, மறுபடி அழுதார்கள். டிரைவர் லிஃப்ட் பட்டனை அமுக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

வேன் இடதுகோடி வழியாகத் தெருவுக்குள் நுழைந்து பழைய கட்டடத்தின் எதிரே நின்றது. அக்கா இறங்கினாள். வாசலில் மடிப்பு நாற்காலியோடு நின்ற இரண்டு ஆட்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இவங்க யாரு?"

"உன்னைத் தூக்கத்தான்க்கா! மேல எல்லாம் ரெடி. உன் ஜன்னல் அப்படியே இருக்கு!"

"நான் மேல வரல."

"என்னக்கா சொல்றே? நாலு மாசமா..."

"குட்டி, இருபத்து நாலு வருஷம் நான் மேலதான் இருந்தேன். ஒரு நாள் கப்பலை விட்டு இறங்கி வந்து மறுபடி அங்கேயே போய் உட்காரணுமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கணுமா? நம்ம வீடுக்கா."

"உங்க ஆபீஸ் ஃபார்ம் அனுப்பினேனே. எல்லாப் பயணியையும் மாதிரி நானும் எழுதி அனுப்பினேன்."

டிரைவர் வேனிலிருந்து ஃபைலை எடுத்து வந்து நீட்டினார். படிவம் இருந்தது. யாரோ முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் படிவத்தையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிறவர், அக்காதானே, அவளைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று இதை மட்டும் பிரிக்காமல் செருகி வைத்திருந்தார். 'எங்கே போக விருப்பம்' என்ற முதல் கேள்விக்கு எதிரே அக்காவின் குண்டு எழுத்து: 'எங்கள் தெரு. மாடி வேண்டாம்.'

"மன்னிச்சுக்கோக்கா."

"சரி, விடு. வந்ததுக்கு ஒரு உபகாரம் பண்ணு. நீ போய் அந்த ஜன்னல்ல நில்லு. கீழேருந்து அது எப்படி இருக்கும்னு நான் நிதானமா பாத்ததே இல்ல. ஆளில்லாம வெறும் ஜன்னலைப் பாக்க எனக்குப் பிடிக்கல."

ஐம்பத்தெட்டு வயது முட்டியோடு மேடம் ஐம்பத்தாறு படி ஏறினார். வாத்தியார் இருவரையும் எதிர்பார்த்துக் கதவைத் திறந்தவர், இவர் முகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார். மேடம் ஜன்னலில் நின்றார். கீழே அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரம். பிறகு கையை ஒரு தடவை ஆட்டிவிட்டு நாற்காலியைத் திருப்பினாள். டிரைவர் அவளோடு போக அடியெடுத்து வைத்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டாள்.

வலதுபக்கமாகப் போனாள். ஒரு கடை வாசலில் நின்றாள். யாரோ வழிவிட்டார்கள். ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்தாள். மருந்துக்கடை முனையில் அந்தப் பக்கமாகத் திரும்பினாள். அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

மேடம் கண்ணாடியில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்த்தார். தலைகீழாக நின்றாலும் அந்த முனைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்தான். தினமும் பையை மாட்டிக்கொண்டு அந்த முனையில் திரும்பியது அவர்தான். பள்ளி விடுவது நாலு மணிக்கு. வீட்டுக்கு வருவது ஐந்தரைக்கு. ஏன் லேட் என்று அக்கா கேட்டால், "ஸ்பெஷல் கிளாஸ்." ஆறு வருஷம், ஒரே பதில். அதே இடத்தில் அக்கா இப்படித்தான் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றிருப்பாள், இல்லை, நிற்க ஏது, உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளாவது நான் திரும்பி இந்த ஜன்னலைப் பார்த்தேனா என்று மேடம் தன்னையே கேட்டுக்கொண்டார்.

பத்து நிமிடம் போனது. இருபது ஆனது. "கீழே போய்ப் பாக்கட்டுமா?" என்றார் வாத்தியார்.

"வேண்டாம் சார். அவளா வரட்டும்."

முப்பத்தைந்தாவது நிமிடம் மருந்துக்கடை முனையில் வெள்ளைத் தலை தெரிந்தது. அக்கா ஜன்னலுக்கு நேரே வந்து நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"குட்டி! அங்க ஒண்ணுமே இல்லடி! ஒரு பேங்க், ஒரு பெட்ரோல் பங்க்! ஸ்கூல் வாசல் இதோ, ஏழே நிமிஷம்! இதுக்கா தினமும் ஒன்றரை மணி நேரம்?"

மேடம் ஜன்னலைத் திறந்தார். நாற்பத்தெட்டு வருஷம் தொண்டையில் கிடந்தது வெளியே வந்தது.

"விளையாடிட்டு வருவேன்க்கா! ஸ்பெஷல் கிளாஸே கிடையாது!"

"அது தெரியும்டி! நாலு மணிக்கு அடிக்கிற பெல் இங்க வரைக்கும் கேக்கும்!" என்றாள் அக்கா. "என்ன விளையாடினே? அதைச் சொல்லு. கீழே இறங்கி வந்து சொல்லு."