கழுவிய தண்ணீர்

அடையாறில் எங்கள் ஆய்வகத்தின் செல் வளர்க்கும் அறையை ஓர் உதவியாளர்தான் பார்த்துக்கொண்டார். ஒல்லியான பெண்மணி, என் வயதுதான் இருக்கும். கையுறை எப்போதும் அவருக்கு ஒரு அளவு பெரிது. எந்தக் கழிவு பாட்டிலையும் ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்க்காமல் கொட்டமாட்டார்.

மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் செயற்கைக் கொழுப்பு ஒன்றை அப்போது நான் உருவாக்கியிருந்தேன். மரபணு உள்ளே போனால் செல் பச்சையாக ஒளிரும். மிச்சக் கொழுப்பைக் கழுவிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல் வளர்த்த தட்டில் ஏறக்குறைய எல்லாமே பச்சை! கட்டுரை எழுதி முடித்து, வராந்தாவில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். அவர் மட்டும் எடுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க தட்டு கழுவுன தண்ணி மட்டும் கலங்கலா கீது."

"அதனால என்னம்மா?"

"செத்த செல்லெல்லாம் தட்டை விட்டு அந்தத் தண்ணியோட போய்டுது. பொழச்சத மட்டுந்தானே நீங்க எண்ணிக்கினு கீறீங்க?"

"அது எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். உண்மையில் எனக்கு அது தோன்றவே இல்லை. அன்று மாலை கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தட்டில் இருந்ததைவிட அதில்தான் செல்கள் அதிகம். என் கொழுப்பு மரபணுவைச் சேர்த்த கையோடு செல்லையும் கொன்றிருந்தது.

கட்டுரையை அனுப்பவில்லை. நாலைந்து கொழுப்புகள் தோற்றபின் ஒன்று வாய்த்தது. பச்சை குறைவுதான். ஆனால் கழுவிய தண்ணீரை நானே ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. நன்றி சொல்லத் தெரியாமல், பாட்டிலை அப்படியே அவரிடம் நீட்டினேன்.

அவரும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றினார்.

"இப்போ குடுங்க சார், அந்த மைசூர்பாகு."