அரசுத் தரப்பு மேசையில் ஒரு நாற்காலி

ஃபாலெஸ் கெம்போவுக்கு அரசு வக்கீல் வேலை இன்னும் கிடைத்தபாடில்லை. சோம்பாவில் சட்டம் படித்து முடித்து இரண்டு வருடம் ஆகிறது. காலியிடம் இருக்கிறதாம், ஆள் எடுக்க உத்தரவுதான் இல்லையாம். பிளான்டயர் உயர் நீதிமன்றத்தில் பழையபடி மொழிபெயர்ப்பாளராகவே இருக்கிறாள். நான் அங்கே டவாலி. தனியார் வக்கீல்கள் இரண்டு பேர் அவளைத் தங்களிடம் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டாள்.

"கிறுக்கச்சி! அவன் கார் தர்றேங்கிறான். கவர்மென்ட் உனக்கு என்னத்தத் தரும்? கட்டுக்கட்டா ஃபைலும் கால் ஆடுற நாற்காலியும்தான்" என்றேன்.

"அந்த நாற்காலிதாண்ணே எனக்கு வேணும்."

நீதிமன்றத்தில் எல்லாம் ஆங்கிலம். கீழே ஆற்றுச் சமவெளியில், நிசாஞ்சே பக்கத்துச் சனங்களுக்கோ சேனா மொழியைத் தவிர வேறு தெரியாது. படிக்கப் போவதற்கு முன் பதினோரு வருடம் இரண்டுக்கும் நடுவே நின்றவள் அவள். எதையும் அலுக்காமல் சொல்வாள். ஒரே ஒரு வாக்கியம்தான் அவளுக்குத் தொண்டையில் சிக்கும். 'அரசு வக்கீல் வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்.' ஒரே ஆள் மூன்று கோர்ட்டுக்கு ஓடினால் எங்கிருந்து வருவார்? விடியுமுன்னே லாரி பிடித்து மலைப்பாதை ஏறி வந்த சனங்கள் ஆத்திரத்தை அவளிடம்தான் கொட்டுவார்கள். "உன் வாயில வேற சொல்லே வராதா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். அன்றைக்கு வாசலில் மன்டாசி தின்னும்போது, கையில் பிட்ட அந்தப் பொரித்த மாவுருண்டையோடு ஃபாலெஸ் அழுதாள்.

"அந்த மேசையில நான் இருந்தா வராம இருப்பேனாண்ணே?"

முப்பத்து நாலு வயதில் நுழைவுத் தேர்வு எழுதி, படிப்பு விடுப்பில் போனாள்.

கடைசி வருடம் ஆறு வாரப் பயிற்சிக்கு முன்தாலி என்ற அரசு வக்கீலிடம் அனுப்பினார்கள். மாணவர்கள் கோர்ட்டில் வாய் திறக்கக் கூடாது. ஆனால் ஒரு வழக்கம் உண்டு. வக்கீல் எழுந்து, "அரசுத் தரப்பில் நான் ஆஜராகிறேன், என்னுடன் இன்னார்" என்று சொன்னால், நீதிபதி அந்தப் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காக அண்ணியின் கறுப்புக் கோட்டை இரவல் வாங்கித் தினமும் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தாள். வழக்குகளோ ஒன்றுவிடாமல் வாய்தா. சிறை வண்டிக்கு டீசல் இல்லை, சாட்சி வரவில்லை, ஏதாவது ஒன்று. முன்தாலி எழுந்து பெயர் சொல்லும் கட்டமே வரவில்லை. மிச்சம் இருந்தது கடைசி வெள்ளிக்கிழமை மட்டும்.

அன்றைக்கு ஒரு கொலை வழக்கு. சாட்சி எசினட்டா, செத்துப்போனவனின் தாய். இது அவளுக்கு நாலாவது நடை. ஃபாலெஸ் அரசுத் தரப்பு மேசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். நான் குரல் கொடுக்க, எல்லாரும் எழுந்தார்கள். நீதிபதியம்மா வந்து அமர்ந்ததும் பெஞ்சு கிளார்க், சேனா மொழிபெயர்ப்பாளருக்கு மலேரியா என்றார். நீதிபதியம்மா வாய்தா எழுதப் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் அவர் கண் ஃபாலெஸ்மேல் விழுந்தது.

"கெம்போ, முன்னாடி சேனா பாத்தது நீங்கதானே? இன்னிக்கு எந்தப் பக்கம்?"

"அரசுத் தரப்புங்கம்மா. இன்னும் பேர் பதியல."

"பதிஞ்சிட்டா அப்புறம் நீங்க மொழிபெயர்க்க முடியாது. பதியலன்னா, எதிர்த்தரப்பு ஒத்துக்கிட்டா, சத்தியம் பண்ணிட்டுப் பேசலாம்."

எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபம் இல்லை என்றார். அவருக்கும் இந்த வழக்கு முடிந்தால் போதும்.

முன்தாலி நல்ல மனிதர். "உனக்குக் கடைசி நாள்மா. நீ என்ன சொல்றியோ அதான்" என்று கிசுகிசுத்தார்.

உட்காருடி, எழுந்திருக்காதே என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இன்னொரு மாதம் அந்தக் கிழவி வந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன்?

ஃபாலெஸ் நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை தடவினாள். மடியில் மூட்டையோடு பெஞ்சில் காத்திருந்த எசினட்டாவைப் பார்த்தாள்.

"சார், என் பேரச் சொல்லிடாதீங்க."

எழுந்து போய், கூண்டுக்குப் பக்கத்தில் தன் பழைய இடத்தில் நின்று சத்தியம் செய்தாள். நீதிபதியம்மா அவள் பெயரை எழுதினார், மொழிபெயர்ப்பாளர் என்று போட்டு. மூன்று மணி நேரம் எசினட்டா பேசினாள். "என் பையன் வலையை எடுக்கத்தான் போனான்" என்று அவள் சேனாவில் சொன்னதை, 'அவள் பையன்' என்று மாற்றாமல் "என் பையன்" என்றே ஃபாலெஸ் ஆங்கிலத்தில் சொன்னாள். நடுநடுவே அவள் கண் அரசுத் தரப்பு மேசைக்குப் போய்ப் போய்த் திரும்பியது. நாற்காலியில் அவளுடைய பை மட்டும் உட்கார்ந்திருந்தது. பார்க்கச் சகிக்காமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விசாரணை முடிந்தது. எசினட்டா மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கினாள்.

"அடுத்து எந்த மாசம் வரணும் தாயி?"

ஃபாலெஸ் மூட்டைக்கு ஒரு கை கொடுத்தாள்.

"வர வேணாம்மா. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு. வீட்டுக்குப் போங்க."

கிழவி அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். மொழிபெயர்ப்பாளராகச் சத்தியம் செய்துவிட்டதால், அந்த வழக்கில் இனி ஃபாலெஸ் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. பையை நான்தான் எடுத்து வந்து கொடுத்தேன்.