என் இடது கை விலகியிருந்த காலம்

ஊசி விரலுக்குள் இறங்கியதைக் கண்ணால்தான் அறிந்தேன். வெள்ளைத் துணியில் சிவப்பு பரவியது. யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்து மிஷினிலிருந்த எஸ்தர் ஓடிவந்து என் இடது கையைத் துணியோடு சேர்த்துப் பிடித்தாள்.

"அக்கா, ஊசி ஏறிக்கிது பாரு! வலிக்கலியா உனுக்கு?"

வலிக்கவில்லை. அவள் பிடித்திருப்பதும் தெரியவில்லை. மணிக்கட்டில் மட்டும் யாரோ இறுக்கிப் பிடித்திருப்பது போலிருந்தது. அதற்குக் கீழே கை இல்லை. கண்ணுக்கு இருந்தது, எனக்கு இல்லை.

இப்படி ஒன்றை உடம்பில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய்வரும் பெண்களை நினைத்து இதை எழுதுகிறேன்.

நான் வன்னியில் பிறந்தவள். போர் முடிந்த பிறகு சில மாதங்கள் இராணுவத்தின் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டிருந்தேன். அங்கே எனக்குச் செய்யப்பட்டதை இங்கு விவரிக்கப் போவதில்லை. என்ன நடந்திருக்கும் என்று இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். பிறகு அம்மாவும் நானும் இந்தியாவுக்கு வந்து கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் குடியேறினோம். வெளிநாட்டிலிருந்த மாமா மகன் அனுப்புவதில்தான் அடுப்பு எரிந்தது. பணம் வந்த அன்றே தொலைபேசியும் வரும். ஏன் இன்னும் கல்யாணம் கட்டவில்லை என்று கேட்பார்.

ஒரு தொண்டு அமைப்பு முகாமில் என்னையும் சேர்த்து ஐந்து பெண்களுக்குத் தையல் பயிற்சி கொடுத்தது. ஏன் எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவர்கள் வெளியே சொல்லவில்லை. நாங்களும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. பயிற்சி கொடுக்க வந்தவள்தான் எஸ்தர். கவரைப்பேட்டைக்காரி. அவள் தாய் தகப்பன் பிறர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அவள் பள்ளி முடித்ததும் தையல் கம்பெனிக்குப் போனவள். அமைப்பின் காலம் முடிந்து எல்லாரும் போன பிறகும் அவள் போகவில்லை. கவரைப்பேட்டையில் தகரக்கூரை போட்ட ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குப் பருத்திக் கையுறை தைக்கத் தொடங்கினோம். அதன்பிறகு மாமா மகனின் அழைப்பை நான் எடுப்பதில்லை.

அந்த நிலையில்தான் கை போனது.

எஸ்தர் என்னைப் பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் திருவள்ளூர் மாவட்ட மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மெல்லிய மின்சாரம் செலுத்தி அதன் வேகத்தை அளப்பது) எழுதிக் கொடுத்தார்கள். எஸ்தரை வெளியே இருக்கச் சொன்னார்கள். சோதனை செய்பவர் நல்ல மனிதர். கையில் ஈரமான பட்டையை ஒட்டிவிட்டு, "பயப்படாதீங்கம்மா, சின்னதா கரண்ட் வைப்பேன்" என்றார்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, ரயில் நிலையத்தின் கூரை.

திருவள்ளூர் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காலில் ஒரு செருப்பு இல்லை. சென்னை போகும் மின்சார ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு பெண், என் இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளை நான் முன்பின் பார்த்ததில்லை.

"ஏன் அழுறீங்கள்?" என்று கேட்டேன்.

அவள் திகைத்துப் போனாள். "இன்னாம்மா இப்படிக் கேக்கற? இவ்ளோ நேரம் நீதான சொல்லிக்கினு இருந்த!"

அதற்குள் எஸ்தர் படியிறங்கி ஓடிவந்தாள். ஆஸ்பத்திரி முழுக்கத் தேடியிருக்கிறாள். என்னைக் கட்டிக்கொண்டு, "எங்க போய்ட்ட அக்கா, பேஜாரா பூடுச்சி எனுக்கு" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். பூக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு தூர நின்றாள். என்னையே பார்த்தாள். எல்லாம் தெரிந்தவளின் பார்வை அது.

என் தாய்க்குச் சொல்லாததை ஊர் பேர் தெரியாத ஒருத்திக்குச் சொல்லியிருக்கிறேன். என்ன சொன்னேன் என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கை போனதைவிட இது என்னை அதிகம் பயமுறுத்தியது. நான் இல்லாத நேரத்தில் என் வாயை எடுத்துப் பேசியது யார்?

நரம்புகளில் பழுதில்லை என்று முடிவு வந்தது. மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் நடுவயதுப் பெண். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நரம்பு நல்லா இருக்கெண்டா, அப்ப நான் நடிக்கிறனா?" என்று கேட்டேன்.

"நடிச்சா ஊசி குத்தினது வலிச்சிருக்கும்மா. உங்களுக்கு நிஜமாவே வலிக்கல."

இதன் பெயர் செயல்பாட்டு நரம்புக் கோளாறு (நரம்பு சேதமாகாமலே, மூளைக்கும் உறுப்புக்கும் இடையே செய்தி நின்றுபோவது) என்றார். ரயில் நிலையத்தில் நடந்தது விலகல் நிலை (தாங்க முடியாததிலிருந்து மனம் ஒதுங்கிக்கொள்வது, அந்த நேரம் நினைவில் நிற்காது). இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்றார். எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. "சொல்லணும்னு தோணும்போது சொல்லுங்க. சொல்லாமலும் வைத்தியம் பண்ணலாம்" என்றார். அதனால்தான் மறுமுறையும் போனேன்.

கண்ணாடிப் பயிற்சி கொடுத்தார்கள். மேசை நடுவில் கண்ணாடியை நிறுத்தி, இடது கையை அதற்குப் பின்னால் மறைத்துவிட்டு, வலது கையை அசைக்க வேண்டும். கண்ணாடிக்குள் தெரிவது வலது கையின் பிம்பம்தான். ஆனாலும் அது இடது கையாகத் தெரியும். முதல் நாள் அந்தக் கை விரல்களை மடக்கி விரித்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் இடது மணிக்கட்டிலிருந்த தழும்பு அதில் இல்லை. எதுவும் நடப்பதற்கு முன்பிருந்த கை அது. இறந்துபோன ஒருத்தி ஜன்னலுக்கு அப்பாலிருந்து கையசைப்பது போலிருந்தது. நான் கண்ணாடியைக் கவிழ்த்துவிட்டேன். பயிற்சி கொடுத்த பெண் கொஞ்சம் பொறுத்து மறுபடி நிமிர்த்தி வைத்தாள்.

ஒரு கையால் தைக்க முடியாது. வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். பழையபடி மாமா மகனின் அழைப்பை எடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"எதுக்கு வுடற? பெரட்டற வேலை கீதே" என்றாள் எஸ்தர்.

கையுறையை உள்பக்கம் வெளியே தெரியத்தான் தைப்போம். பிறகு மேசையில் நட்ட கம்பியில் செருகி, ஒவ்வொரு விரலாகப் புரட்டி எடுக்க வேண்டும். அதற்கு ஒரு கை போதும். பங்கில் குறைக்கக்கூடாது என்று மற்ற நால்வரும் சொல்லிவிட்டார்கள். நாளெல்லாம் கம்பியின் நுனியிலிருந்து வெள்ளை விரல்கள் முளைத்து வந்தன. மாலையில் என் முன்னால் கைகள் மலைபோல் கிடக்கும். மின்விசிறி திரும்பும்போது மேலே கிடப்பவை மெல்ல அசையும்.

அப்படி ஒரு பிற்பகலில், எங்களில் மூத்தவரான ராசம்மாக்கா, மிஷினை நிறுத்தாமல் கேட்டார். "பிள்ளை, கையில ஆரோ பிடிச்சிருக்கிற மாதிரியே இருக்கு?"

நான் அதை டாக்டரைத் தவிர யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

"ஓம்" என்றேன்.

"எனக்கு முதுகு" என்றார். "வந்த நாளில இருந்து இல்லை. வெந்நீர் ஊத்தினாலும் தெரியாது."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "எனக்கு வலது காது" என்றாள் இன்னொருத்தி. "கேக்கும். ஆனா அது என்ர இல்லை." மற்ற இருவரில் ஒருத்தி தன் தொடையின் மேல் கையை வைத்தபடி இருந்தாள். அந்தச் சின்ன அறையில் முகாமிலிருந்து வந்த ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். இல்லாததையெல்லாம் சேர்த்தால் ஒரு முழு உடம்பு குறைந்தது. எஸ்தர் எழுந்து போய்க் கதவை முழுக்கத் திறந்து வைத்தாள். வெளியே லாரிகள் போகும் சத்தம் உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் ராசம்மாக்காவின் மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அடுத்த வாரம் ராசம்மாக்கா என்னோடு திருவள்ளூருக்கு வந்தார்.

தைக்க முடியாததால் சரக்குக் கொண்டுபோகும் வேலையும் எனக்கு வந்தது. கம்பெனி வாசலில் சீருடைக் காவலாளிகள் பையைச் சோதிப்பார்கள். முதல் தடவை அந்தச் சட்டையைக் கண்டதும் உலகம் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது. டாக்டர் சொல்லித் தந்தபடி, கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொன்னேன். "இது கேட். இது வேப்பமரம். இது என்ர பை." காவலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா, உன் பைதான், உள்ள போ" என்றார். உள்ளே போனேன். கொள்முதல் அதிகாரியிடம் நானே பேசினேன். மாதாமாதம் எங்களிடமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். திரும்பி வரும்போது நடந்தது முழுவதும் நினைவிருந்தது. அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போலத் தொடங்கி, கை மெதுவாகத் திரும்பியது. மணிக்கட்டின் பிடி மட்டும் தளரவில்லை. ஒருநாள் துணிந்து ரயில் நிலையத்துக்குப் போனேன். பூக்காரி படிக்கட்டருகே இருந்தாள். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"நான் என்ன சொன்னனான்?" என்று கேட்டேன்.

அவள் பூ தொடுப்பதை நிறுத்தவில்லை. "யாரண்டயும் சொல்லல நானு. எங்க ஊட்டுக்காரரண்ட கூட."

"எனக்குச் சொல்லுங்கோ."

"உங்க ஊரு கெணத்தப் பத்தி சொன்ன. தண்ணி இனிக்கும்னு சொன்ன. அப்புறம்..." அவள் குரல் தணிந்தது. "கைய வுடச் சொல்லு, கைய வுடச் சொல்லுன்னு அழுத. நாந்தான் புடிச்சிக்கினு இருந்தேன்னு வுட்டுட்டேன். நீ 'இல்ல'ன்னு சொன்ன. 'நீங்கள் பிடியுங்கோ, அவனை விடச் சொல்லுங்கோ'ன்ன. அதான் மறுபடியும் புடிச்சிக்கினேன்."

நான் இடது கையை நீட்டினேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கையின் சொரசொரப்பு தெரிந்தது. ஒரு ரயில் வந்து போகும்வரை அப்படியே இருந்தோம்.

இப்போது மீண்டும் தைக்கிறேன். மணிக்கட்டின் பிடி சில நாட்கள் இருக்கும், பல நாட்கள் இருக்காது. முழுக்கக் குணமாகிவிட்டதா என்று கேட்டால், உடம்பு திரும்பியிருக்கிறது, ஆனால் பழைய இடத்துக்கு அல்ல என்றுதான் சொல்ல முடியும். இடது கை தொட்டதைப் பிந்தித்தான் எனக்குச் சொல்கிறது. டாக்டர் இது போகப் போகச் சரியாகலாம் என்கிறார்.

சென்ற மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். விடிந்ததும் இடது கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன்; ஒன்றும் தெரியவில்லை. வலது கைக்குச் சுட்டது. மாத்திரை கொடுத்து, கஞ்சி வைத்து, கூடவே இருந்தேன். மத்தியானம் வியர்த்துக் காய்ச்சல் விட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்து தலைமுடியைக் கோதி முடிந்துகொண்டார். "நீ போ பிள்ளை, வேலையைப் பார்" என்றார்.

நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது இடது உள்ளங்கை சுடத் தொடங்கியது. அம்மாவின் உடம்பில் இப்போது இல்லாத காய்ச்சல். விரல்களை மூடிக்கொண்டு, அது ஆறும்வரை அங்கேயே நின்றேன்.