ஒரே ஒரு மாத்திரை

திருச்சி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அவர். ஒட்டிய கன்னம். வலக்கை விரல்கள் இடக்கை நாடியை விட்டு நகரவே இல்லை.

"நாளைக்கு நெஞ்சுக்குள்ள ஒயர் விட்டுப் பாக்குறாங்க. துடிப்பு தாறுமாறா ஓடுனாத்தான் கோளாறு எந்த எடம்னு கண்டுபிடிச்சு சுட முடியுமாம். அதான் அஞ்சு நாளா மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாங்க," என்றார்.

திருக்கோகர்ணம் தாண்டியதும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஒண்ணே ஒண்ணு போடுங்க, ஒண்ணும் ஆகாது," என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். மறுக்கத் தெரியாத மனிதர். சட்டைப்பையிலிருந்த அட்டையைப் பிரித்து ஒன்றை விழுங்கினார்.

கீரனூரில் நான் இறங்கும்போது, "இப்ப துடிப்பு அடங்கிருச்சுங்க, புண்ணியமாப் போகும்," என்று கும்பிட்டார்.

மறுநாள் அந்த நெஞ்சு தாறுமாறாகத் துடித்திருக்க வேண்டுமே என்றுதான் இன்னும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.