வேனில் ஏற்றிய பீலித் தண்ணீர்

போன வருஷம் மாசி மாதம் நடந்தது இது. தலவாக்கலையில் இருந்து நானுஓயா போகும் ஏற்றத்தில், ரோட்டோரமாக இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரை எழுத மனம் வரவில்லை.

ஹட்டன் டவுனில் ஒரு மருந்துக் கடையில் எனக்கு வேலை. சைக்கிள் பைத்தியம் பிடித்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினால், "மலையேறத்தானே பஸ்ஸு விட்டிருக்காங்க" என்று மாமியார் வாசலில் நின்று சொல்வார். கொழும்பு, கண்டி, ஹட்டன் என்று பல ஊர்க்காரர்கள் சேர்ந்த குழு எங்களுடையது. தலவாக்கலையில் கிளம்பி, நானுஓயா, அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் வாசல்வரை மிதித்தே ஏறிவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் வெகுநாள் ஆசை. பட்டிப்பொலையைத் தாண்டி வரும் கடைசி ஏற்றத்தில் கார்களே திணறும்.

மலையகத்துக்காரி என்பதால் திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். கார்த்திகை மாதமே கணவரோடு ஆட்டோவில் போய்ப் பாதை முழுக்கப் பார்த்துவிட்டு வந்தேன். எந்த வளைவில் கியரைக் குறைப்பது, எங்கே நின்று மூச்சு வாங்குவது, எங்கே காலைச் சாப்பாடு என்று போன் வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்தேன். தண்ணீருக்கு நீலப் புள்ளி.

அந்த நீலப் புள்ளியில்தான் வாக்குவாதம் வந்தது. பெட்டி பெட்டியாகத் தண்ணீர் போத்தல் வாங்கி வேனில் ஏற்றலாம் என்றார்கள் கொழும்புக்காரர்கள். தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பிளாஸ்டிக் குப்பையைச் சுமந்துகொண்டா போவது என்று நான் மறுத்தேன். தலவாக்கலை தாண்டியதும் ஒரு பீலி இருக்கிறது. மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி வந்து தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே கொட்டுமே, அதுதான் பீலி. கார்த்திகை மழையில் நான் பார்த்தபோது, பக்கத்தில் நின்று பேச முடியாத அளவுக்கு அது கொட்டிக்கொண்டிருந்தது. போத்தல்களையும் வேனில் வைக்கும் பெரிய கேன்களையும் அங்கேயே நிரப்பிக்கொண்டால் வாசல்வரை கவலையில்லை என்று குழுவில் குரல் பதிவு போட்டேன். "அந்தத் தண்ணியக் குடிச்சா அப்பறம் கடைத் தண்ணியத் தொடவே மாட்டீங்க" என்று பீற்றிக்கொண்டேன் வேறு. இன்னொருவர் திட்டம் போட்டிருந்தால் பேசாமல் கடையில் வாங்கியிருப்பார். பீலியை நம்பச் சொல்லும் தைரியம் லயத்தில் பிறந்தவளுக்குத்தான் வரும். நான் வட்டவளைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்தவள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை, விடிந்தும் விடியாததுமாக அந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். விரல் விறைக்கும் குளிர். பீலியடியில் குடங்களும் வாளிகளும் வரிசையாக இருந்தன. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குத் தயாராக நின்றார்கள். கம்பளித் தொப்பி போட்ட ஓர் அக்கா, எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம ஆளுங்களா? எந்த ஊரு தங்கச்சி?"

"ஹட்டன் டவுன்க்கா."

அவ்வளவுதான் சொன்னேன்.

"சைக்கிள்லயா இம்புட்டுத் தூரம்? மொதல்ல நீங்க புடிங்க. வந்தவங்க நிக்கக் கூடாது." அவர் சொல்லி முடிப்பதற்குள் மற்றப் பெண்கள் குடங்களை ஓரமாக நகர்த்திவிட்டார்கள்.

பிடித்தோம். ஆளுக்கு இரண்டு போத்தல். சிலர் முகம் கழுவினார்கள். ஒருவர் சங்கிலிக் கறுப்பு போக சவர்க்காரம் போட்டு நிதானமாகக் கை கழுவினார். பிறகு வேன் கேன்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். கடைசிக் கேன் நிறையும்போது தண்ணீர் மெலிந்து நூலாகி, சொட்டி, நின்றுபோனது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். ஓரமாக நகர்த்திய குடங்கள் அத்தனையும் காலி.

"என்னக்கா ஆச்சு?"

"ஒன்னுமில்ல தங்கச்சி. மேல டேங்கி காலி. மாசியில ராவெல்லாம் ஊறுனாத்தான் காலைல கொஞ்ச நேரம் வரும். இனி நாளைக்குத்தான்."

அவர் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. இது எனக்குத் தெரியாத சங்கதியா? மாசிப் பனியில் அம்மா என்னை உலுக்கி எழுப்பிக் குடத்தோடு பீலிக்கு அனுப்புவார். ஒரு நாள் வரிசையிலேயே தூங்கி முறையைத் தவறவிட்டதற்கு முதுகில் வாங்கியிருக்கிறேன். எல்லாம் தெரிந்த நான், கார்த்திகையில் பார்த்த பீலியை மாசிக்கும் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.

கேன்களை இறக்கும்படி டிரைவரிடம் சொன்னேன். அக்கா தடுத்துவிட்டார். "வந்தவங்க புடிச்ச தண்ணியத் திருப்பி வாங்குனா எங்களுக்குத்தான் வெக்கம். நீங்க போங்க, வெயில் ஏறிரும். எங்களுக்கும் பெரட்டுக்கு நேரமாச்சு." காலையில் ஆட்களைக் கூட்டி, வேலைக்குப் பேர் போடும் இடம்தான் பெரட்டு. அதற்கு முன் தண்ணீர் கொண்டுவந்து வைக்க, பெண்கள் காலிக் குடங்களோடு கீழே ஓடைப் பக்கம் அவசரமாக இறங்கினார்கள்.

நான் இன்னும் வற்புறுத்தியிருக்கலாம். செய்யவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அவர் வேண்டாம் என்றது எனக்கு நிம்மதியாக இருந்தது. திட்டம் கெடவில்லையே.

அந்த ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஏறினோம், அவ்வளவுதான். பூங்கா வாசலில் எல்லோரும் கைதட்டி, திட்டம் பிரமாதம், தண்ணீர் அமிர்தம் என்று என்னைப் புகழ்ந்தார்கள். திரும்பினால், டிரைவர் ஒரு கேனைக் கவிழ்த்து வேன் டயரைக் கழுவிக்கொண்டிருந்தார். "நெறைய மிச்சம் மிஸ், பாரத்தக் கொறைக்கலாமேன்னுதான்" என்றார். கணக்கில்லாமல் பிடித்திருக்கிறோம். நான் ஓடிப்போய்த் தடுத்தபோது ஒரே ஒரு கேன்தான் முழுதாக மிஞ்சியிருந்தது.

இறங்கும்போது நான் சைக்கிளில் வரவில்லை. அந்தக் கேனைக் காலடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்து வந்தேன். பீலியடியில் இறங்கி விசாரித்து, அக்காவின் லயத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பகல் நேரம், வீட்டில் இருக்கமாட்டார், கேனை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் வாசலிலேயே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வேலைக்குப் போகலையாக்கா?"

"பேர் போடல தங்கச்சி. ஓடைக்குப் போய்த் தூக்கிட்டு வர்றதுக்குள்ள பெரட்டு முடிஞ்சிருச்சு. எங்க நாலஞ்சு பேரையும் வெரட்டி விட்டுட்டாங்க." பிறகு கேனைப் பார்த்துச் சிரித்தார். "எங்க தண்ணிய எங்களுக்கே கொண்டாந்தீங்களா?"

அந்தச் சிரிப்புக்கு நான் என்ன செய்வது? மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ உளறினேன்.

"அட விடுங்க. டவுன்ல உள்ளவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? உக்காருங்க, ஒரு வாய் பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க."

உட்கார்ந்தேன். ஓடையில் இருந்து தூக்கி வந்த குடத்தில் மொண்டுதான் கேத்தலை வைத்தார். நான் கொண்டுவந்த கேன் வாசலிலேயே கிடந்தது.

கோப்பை கையில் சுட்டது. டவுன்காரி என்று அவர் சொன்னதை வைத்துக்கொண்டு, குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். முடியவில்லை.

"நானும் லயத்துல பொறந்தவதான்க்கா. வட்டவளப் பக்கம்."

அவர் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். என் சப்பாத்தை, கையுறையை, முகத்தை ஒரு தடவை பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. கோபமாகவும் இல்லை.

"அப்படியா" என்றார். மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பி, "டீ ஆறுது, குடிங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தேன். டவுன்காரி என்று நினைத்து அவர் தந்த மன்னிப்பு, லயத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் இல்லாமல் போனது. அது நியாயம்தான் என்று, இன்றும் வீட்டில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.